தூக்கம் குறைந்ததற்கு ஸ்தோத்திரம்

காலை 5.40. முதலில் கண்ணில் பட்டது சிவப்பு வெளிச்சத்தில் ஒரு எண்: 104.2. அதற்கு அந்தப் பக்கம் என் இரண்டு பெருவிரல்கள். நின்ற இடத்திலிருந்து அவற்றை நான் பார்க்க ஆரம்பித்தே மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம்கூட அன்றைக்கு எழவில்லை. ஏனென்றால் அது வெள்ளிக்கிழமை, 104.2 வந்து நின்ற பதினோராவது நாள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர்கள் எழுதுகிற எண்களை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்' என்று நிருபர் அனுப்பினால், மண்டபத்தில் எத்தனை நாற்காலி என்று போன் போட்டுக் கேட்பேன். அப்படிப்பட்ட நான் வெளியிட்ட ஒரே தவறான எண் என் சொந்த உடம்பைப் பற்றியது. வெளியான இடம், எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை.

ஆறு வாரத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் என் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மீதி இருப்பது ஒரு நேந்திரம்பழம் அளவு என்று டாக்டர் சொன்னார். (ஒரு காலத்தில் நேந்திரம்பழத்தைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்காதவள் நான். அது சாயாவுக்குத் துணை.) அறுவைக்குப் போன அன்று 119 கிலோ. முதல் ஒரு மாதம் எடை அரை அரைக் கிலோவாக ஓடி இறங்கியது. காலையில் எழுந்து தராசில் ஏறுவது, தேர்வு முடிவு பார்க்கப் போகிற நல்ல மாணவியின் நடை போல இருந்தது. பிறகு ஒரு நாள் 104.2. மறுநாளும் 104.2. அதற்கு மறுநாள், அதே.

எனக்கு ஒரு எண் தேவைப்பட்டது; அதற்குக் காரணம் ரோஸ்லெட் மைனி. மைனி என் கணவரின் அக்கா, சபையில் பெண்கள் சங்கத் தலைவி. அறுவைக்கு என்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றிய பிறகு, இரண்டு நர்ஸுகள் முன்னால் அவர் கேட்டார்:

"வயித்த வெட்டலாம் ஹெப்சி. வாய ஆரு வெட்டுவா?"

நானும் கட்டிலில் படுத்தபடியே சவால் விட்டேன். "நூறுக்குக் கீழ வந்தா நீங்க சபையில ஸ்தோத்திரம் ஏறெடுக்கணும் மைனி."

"வந்தா எனக்க கையாலயே எழுதிக் குடுப்பேன், போ" என்றார். (ஸ்தோத்திரம் என்பது நன்றி; சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதகர் ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார்.) அத்துடன் கதவு மூடியது. ஆக, என் உடம்பில் நடப்பது சிகிச்சை என்பது போய், நூறு என்ற எல்லைக்கோட்டுக்குக் கீழே போவது மட்டும்தான் காரியம் என்று ஆகிவிட்டது.

எண் நின்றுபோன பதினோரு நாளில் நான் செய்தவற்றை இப்போது எழுதும்போது, இன்னொருத்தியைப் பற்றி எழுதுகிற மாதிரிதான் எழுத முடிகிறது. வளையலைக் கழற்றினேன். கம்மலைக் கழற்றினேன். கல்யாண மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினேன். நகம் வெட்டினேன். தினமும் ஒரே பருத்திச் சுடிதார், அதே நேரம், அதே தரை ஓடு. பலிக்கவில்லை என்றதும் தராசைக் குளியலறை வாசலிலிருந்து சமையலறைக்கு மாற்றினேன், அங்கிருந்து முன்வாசலுக்கு. எங்கள் வீடு பனச்சமூட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள். வடக்கே கொஞ்சம் நடந்தாலும் கேரளம்தான், கிழக்கே கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. ஒரு நாள் தராசைக் கட்டைப்பையில் வைத்துத் தமிழ்நாட்டில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் ஏறிப் பார்த்தேன். 104.2. இரண்டு மாநிலமும் தகராறு இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே எண் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு நாள் எண் அசைந்தது. 104.3.

அதற்குப் பிறகு சாப்பாட்டில் கைவைத்தேன். மருத்துவமனையில் கொடுத்த தாளில் காலைக்கு முட்டை, மத்தியானம் மீன், இடையில் பயறு, தயிர், நாள் முழுக்கத் தண்ணீர் என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். பிழை திருத்துகிற பழக்கத்தில் நான் அதையும் திருத்தினேன். முட்டையைக் கோடு போட்டு அடித்தேன். மீனைப் பாதியாக்கினேன். தயிரை முழுவதுமாக நீக்கினேன். எழுந்து நின்றால் கண் இருட்டியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. (தலையிலிருந்து இவ்வளவு போயும் எடை குறையவில்லையே என்று அதற்கும் தராசைத்தான் திட்டினேன்.)

என் கணவர் டேவிட்சன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். எதற்கும் பதறாத மனிதர். அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

"நிக்குதுன்னா நிக்கட்டும். பாறசாலையில டிரெயின் நிக்குதில்லியா? சிக்னல் விழுந்தா போவும்" என்றார்.

"பதினோரு நாளாட்டு எந்த டிரெயின் நிக்குது?"

"அதுக்காவ எறங்கி எஞ்சின தள்ளுவியா?"

தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு செய்திக்கு ஒரே ஆதாரம் போதாது. இரண்டாவது ஆதாரம் வேண்டும். இது செய்தி மேசையின் பாலபாடம். சனிக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளைக் கொடுக்க டேவிட்சன் பனச்சமூட்டில் கிறிஸ்துதாஸ் அண்ணன் கடைக்குப் போனபோது, நானும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். கடைக்கு நடுவில் தரையோடு தரையாகக் கிடக்கிறது அந்த இரும்புத் தராசு. ஷீட் கட்டைத் தூக்கி அதன் தட்டில் போட்டால் சுவரில் இருக்கிற பெட்டியில் எண் ஓடும்.

"நான் ஒண்ணு ஏறட்டா அண்ணா?"

"ஏறு மக்கா. ரப்பரத் தூக்குத தராசு மனுஷரத் தூக்காதா?"

ஏறினேன். எண் ஓடியது. நூறைத் தொடவே இல்லை. 97.8 என்று நின்றது.

இறங்கி மறுபடி ஏறினேன். 97.8. மூன்றாம் முறை 97.9. (ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பதும் பாலபாடம்தான்.) "தராசு சரிதானா அண்ணா?" என்று கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"முத்திர வச்ச தராசாக்கும். தெனமும் காலம்பற இருவது கிலோ கட்டி வச்சுப் பாத்துப்போட்டுதான் நான் ஷட்டரே தூக்குவேன்." எடைக்கல்லுக்கு எங்கள் பக்கத்தில் கட்டி என்று பெயர். அவருடைய இருபது கிலோ கட்டி மூலையில் கறுப்பாக, பாவமாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு தராசு, இரண்டு எண். ஒரு துணை ஆசிரியர் அந்த இடத்தில் செய்ய வேண்டியது என்ன? மூன்றாவது ஆதாரம் தேட வேண்டும். போன வாரம் மருத்துவமனைத் தராசும் என் வீட்டுத் தராசும் ஒரே எண்ணைக் காட்டியதை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வீட்டுத் தராசில் பேட்டரி போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். பிடித்த செய்தியை யாரும் சரிபார்ப்பதில்லை என்று புதியவர்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். கடைத் திண்டை விட்டு இறங்குவதற்குள் மைனிக்குப் போன் போட்டாகிவிட்டது.

"தொண்ணூத்தேழு புள்ளி எட்டு மைனி!"

"சத்தியமாட்டா?"

"கிறிஸ்துதாஸ் அண்ணனுக்க கடைத் தராசில."

"செரி. எழுதுதேன்" என்றார் மைனி. அவர் தோற்றால் ஒழுங்காகத் தோற்கிறவர்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தூங்குவதற்கு உறக்கம் என்றுதான் பெயர். தூக்கம் என்றால் எடை. சந்தையில் 'தூக்கம் எவ்வளவு' என்று கேட்டால் யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். எங்கள் சபைக்கு அப்போது வந்திருந்த போதகர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். மைனி எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது இதுதான்: 'சகோதரி ஹெப்சிக்குத் தூக்கம் நன்றாகக் குறைந்ததற்காக ஸ்தோத்திரம்.'

போதகர் அதை வாசித்தார். நிறுத்தினார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிரியமானவர்களே, இதை விண்ணப்பமாக எடுத்துக்கொள்வோம். நம் சகோதரிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம் குறைந்துபோயிருக்கிறது. கர்த்தர் அவருடைய தூக்கத்தைப் பழையபடி திரும்பக் கொடுக்கவும், அதை இரட்டிப்பாகப் பெருகப்பண்ணவும் ஜெபிப்போம்."

முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் ஆமென் என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு 104.2-இன் இரட்டிப்பு, இருநூற்று எட்டு புள்ளி நான்கு, மனக்கண்ணில் ஓடியது.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையிலிருந்து மைனி எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா! பெருகப்பிடாது! அந்தத் தூக்கமில்ல, இது உடம்புக்க தூக்கமாக்கும்! தொண்ணூத்தேழு புள்ளி எட்டு! நம்ம கிறிஸ்துதாசுக்க கடையில நிறுத்தது!"

பாடகர் குழுவில் யாரோ ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்து சிரித்ததில் அது ஒரு முறை முனகியது. ஆண்கள் பக்கத்தில் கிறிஸ்துதாஸ் அண்ணன், விளம்பரம் கிடைத்த பெருமையில், பாதி எழுந்து தலையை ஆட்டினார். எடை என்ன, எந்தத் தராசு, எப்போது நிறுத்தது என்று எல்லா விவரமும் கொண்ட முழுமையான செய்தி. அதில் இருந்த பிழையைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் பாக்கி.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பலாமரத்தின் கீழே தங்கையன் எனக்காகக் காத்து நின்றான். எங்கள் தோட்டத்தை ஒட்டி அவன் தோட்டம். மூன்று வருடத்துக்கு முன்னால், இதே சபையில் எழுந்து நின்று, குடியை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னவன். மூன்று மாதமாக அவன் வீட்டில் பிரச்சினை. எல்லோரும் வாரா வாரம் கொஞ்சமாகக் கொண்டுபோகிற ஷீட்டை, அவன் மட்டும் சேர்த்து வைத்து எண்பது எண்பத்தைந்து கிலோவாக ஒரே கட்டாகக் கொண்டுபோவான். வீட்டில் அவன் மனைவி கனகம் தொங்கு தராசில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துக் கூட்டி எழுதிவைப்பாள். கடைச் சீட்டில் ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ, ஐந்து கிலோ குறையும். வழியில் நாலு ஷீட்டை விற்றுக் குடிக்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். போன வாரம் காரோட்டில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஹெப்சியக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வீட்டு மெஷின்ல எவ்வளவு காட்டுது?"

கேள்வி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. 104.2-க்கும் 97.8-க்கும் இடையில் ஆறு கிலோவுக்கு மேல் இருக்கிறது. அந்த ஆறு கிலோவில்தான் தங்கையனின் குடும்பம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

பின்னால் மைனி வரிசையாகப் பெண்களுக்கு என் இடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பேட்டரி போச்சு தங்கையா" என்றேன்.

அவன் "செரிக்கா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை காலை கனகத்தையும் அவள் அண்ணனையும் கடைக்கே வரச்சொல்லியிருக்கிறான், தராசைச் சோதிக்கப்போகிறார்கள் என்று டேவிட்சன் பிற்பாடு சொன்னார். தராசு சரியென்று வந்தால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதும் அவர் சொன்னதுதான். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தூக்கம் குறைந்தது, போதகர் சொன்ன அர்த்தத்தில்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணுக்குப் போன் செய்தேன். மலையாளக்காரப் பெண், வயது என்னில் பாதிதான் இருக்கும். எடை நின்றுபோனதைச் சொன்னேன். முட்டையை அடித்ததையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது.

"சேச்சி, இது எல்லார்க்கும் வரும். ஆபரேஷன் கழிஞ்ஞு முதல் ரெண்டு மாசத்துல உடம்பு ஒண்ணு நின்னு மூச்சு விடும், நீர் பிடிச்சு வைக்கும். அதுக்காக முட்டைய நிறுத்தினா, போறது கொழுப்பில்ல, சேச்சியோட தசை. முடியும் போகும். தாள்ல உள்ளத அப்படியே சாப்பிடணும். தராசு வாரத்துக்கு ஒரு தடவை மதி, அது போதும்."

"அப்போ குறையுதான்னு எப்படித் தெரியும்?"

"வீட்டுல தையல் டேப் இல்லே?"

இருந்தது. அறுவைக்கு முன்னால் டேவிட்சன் என்னைச் சுற்றி எடுத்த அளவும் நாட்குறிப்பில் இருந்தது. எடை நிற்க ஆரம்பித்த அன்று எடுத்த அளவும் இருந்தது. அளந்தேன். அந்தப் பதினான்கு நாளில், ஒரு கிராம்கூடக் குறையாத அந்தப் பதினான்கு நாளில், இடுப்பு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மைனி பெண்களுக்குக் காட்டியது பொய் இல்லை. நான் சொன்ன எண்தான் பொய்.

பத்திரிகைக்காரர்களுக்குத் 'திருத்தம்' என்று ஒரு வழி உண்டு. உள்பக்கத்தில், மூலையில், பொடி எழுத்தில் போட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

செவ்வாய் காலை 5.40-க்கு ஏறினேன். 104.2. சான்று கெட்டுவிடக்கூடாது என்று அதே சுடிதாரோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், தராசைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டேவிட்சனின் ஸ்கூட்டரில் ஏறிக் கிளம்பினேன். (தாளில் உள்ளதைச் சாப்பிடு, வாரம் ஒரு தடவை ஏறு என்று ஆலோசகர் முந்தின நாள் சொன்ன இரண்டையுமே அன்று மீறினேன் என்பதைக் கவனிக்க.)

ஏழரைக்குக் கடை திறந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். கனகம் கைகளைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணனின் பின்னால் நின்றாள். தங்கையனைப் பார்க்கவேயில்லை. மைனிக்கும் ஷீட் கொடுக்க வேண்டியிருந்ததாம். அப்படித்தான் சொன்னார்.

கிறிஸ்துதாஸ் அண்ணன் இருபது கிலோ கட்டியைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தார். 20.0. எல்லோரும் பார்த்தார்கள். எடுத்து மறுபடி வைத்தார். 20.0.

"போதுமா? இனி என்ன சொல்லணும்? எனக்க தராசுல கள்ளம் உண்டுன்னா, சபையில ஸ்தோத்திரம் ஏறெடுத்தாச்சே, அதும் கள்ளமா? கேளுங்க, ஹெப்சி இஞ்சதானே நிக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கனகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா அண்ணா, போலாம்" என்றாள். தங்கையன் தரையைப் பார்த்தான்.

"அண்ணா, எனக்க தூக்கம் தொண்ணூத்தேழு புள்ளி எட்டு இல்ல" என்றேன். "நூத்திநாலு புள்ளி ரெண்டு."

மைனி மெதுவாகத் திரும்பினார். "ஏட்டி, என்ன சொல்லுத?"

நான் தினமும் எடை எழுதிவைத்த நாட்குறிப்பை எடுத்து நீட்டினேன். சாட்சிக்கு எழுத்துமூலமான ஆதாரம் வேண்டுமே. தப்பு பண்ணினேன். மைனியிடம் கொடுத்திருக்கக் கூடாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், கடைக்குள்ளும் சாலைக்கும் கேட்க வாசித்தார்.

"நூத்திநாலு புள்ளி ரெண்டு. நூத்திநாலு புள்ளி ரெண்டு. நூத்திநாலு புள்ளி ரெண்டு, மோதிரம் இல்லாமல். நூத்திநாலு புள்ளி ரெண்டு, நகம் வெட்டியபின். நூத்திநாலு புள்ளி ரெண்டு, தமிழ்நாடு…"

"போதும் மைனி."

"இரு. நூத்திநாலு புள்ளி மூணு. அடைப்புக்குறிக்குள்ள 'சனியன்'னு எழுதியிருக்கே, அது ஆரு?"

என் வீட்டுத் தராசைத் தரையில் வைத்து ஏறினேன். 104.2. அங்கிருந்து இறங்கிக் கடைத் தராசில் ஏறினேன். 97.7. சபையில் அறிவித்ததைவிட நூறு கிராம் குறைவு. (அந்த நிலையிலும் எனக்குள் ஒருத்தி சந்தோஷப்பட்டாள் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

"அப்போ ஒனக்க மெஷின்தான் கேடு" என்றார் கிறிஸ்துதாஸ் அண்ணன். இருபது கிலோ கட்டியை என் தராசில் வைத்தோம். 20.0. இரண்டு தராசும் இருபதில் நியாயமாக இருந்தன. என் விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை.

டேவிட்சன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தூக்கம் கூடினாதான் வித்தியாசம் வருது. ஹெப்சி, நீ அதுல ஏறி நில்லு. அனங்காத."

நின்றேன். அவர் தரையில் குப்புறப் படுத்துத் தட்டுக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். "எறங்கு… ஏறு… எறங்கு… ஏறு." அவருக்குப் பக்கத்தில் தங்கையன் படுத்தான். பிறகு கிறிஸ்துதாஸ் அண்ணன். பிறகு கனகத்தின் அண்ணன். கடைசியில் ஏழு ஆண்பிள்ளைகள் என்னைச் சுற்றிக் கன்னத்தைச் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். பனச்சமூடு சந்தைக்குப் போகிற பஸ் ஒன்று வேகம் குறைத்தது. ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"கண்டாச்சு! ஏறுக்கா, ஏறுக்கா!" என்று தங்கையன் தரையிலிருந்து கூவினான். "தொடுது! எலே, தொடுது பாரு!"

ஒட்டுப்பால். மரத்தில் வெட்டின இடத்தில் வடிந்து உறைகிற ரப்பர். அதையும் அந்தக் கடையில் வாங்குவார்கள். மழைக்காலத்தில் எப்போதோ ஒரு கட்டி உருண்டு தட்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு, இறுகி, முட்டை அளவில் நின்றிருக்கிறது. இருபது கிலோவுக்குத் தட்டு அதைத் தொடாது. ஒரு நாற்பது ஐம்பது கிலோ வைத்தாலும் தொடாது. தங்கையனின் கட்டு மாதிரி, என்னை மாதிரி, பெரிதாக ஏதாவது வந்தால்தான் தட்டு தாழ்ந்து அதன்மேல் உட்காரும். கொஞ்சம் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்ளும். மற்றவர்கள் கொண்டுவந்தது எல்லாம் சின்னச் சின்னக் கட்டு. அந்த வட்டாரத்தில் தராசின் பொய்யை வெளியே கொண்டுவர அளவான சரக்கு இரண்டே இரண்டுதான் இருந்திருக்கிறது.

வெட்டுக்கத்தியால் அதைச் சுரண்டி எடுக்கக் கால்மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் என்னை ஏற்றி இறக்கினார்கள். 99.1. 101.6. 103. எடை கூடக் கூடக் கூட்டம் கைதட்டியது. என் வாழ்க்கையில் நான் கனத்துக்கொண்டே போனதை ஊர் கொண்டாடியது அந்த ஒரு தடவைதான். கடைசியாக ஏறினேன். எண் ஓடி நின்றது. "நூத்திநாலு புள்ளி ரெண்டு!" என்று தங்கையன் கையைத் தூக்கிக் கத்தினான். அந்த எண்ணைத்தான் நான் சபை முழுவதற்கும் மறைத்திருந்தேன்.

அத்துடன் எனக்குக் கண் இருட்டியது. ஷீட் கட்டின் மேல் சாய்த்து உட்காரவைத்தார்கள். கடைக்காரரின் காலைச் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து உரித்து என் கையில் வைத்தவள் கனகம்.

"தின்னுங்கக்கா" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, எதிரே நின்றவனிடம், "நீரும் சாயா குடிச்சீரா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் தங்கையன்.

நான் பத்துப் பேர் பார்க்க அந்த முட்டையைச் சின்னச் சின்னதாக, ஆலோசகர் சொன்னபடி மென்று மென்று, இருபது நிமிடம் தின்றேன். மைனி பக்கத்தில் உட்கார்ந்து நாட்குறிப்பின் மீதிப் பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மூடி என் மடியில் வைத்தார். "இந்தப் பதினஞ்சு நாளும் நீ வாய வெட்டிதான் இருந்திருக்க, இல்லியா?" என்றார்.

கிறிஸ்துதாஸ் அண்ணன் வேறொரு கவலையில் இருந்தார். பெரிய கட்டுகளைச் சோதிக்க இனி பெரிய எடை வேண்டுமே. "மக்கா, மாசம் ஒண்ணாந்தேதி இஞ்ச வந்து ஒண்ணு ஏறிட்டுப் போ. பதினஞ்சு நாளா மாறாத தூக்கம் வேற எங்க கிட்டும்? ஆனா பாரு, கொறச்சிரப்பிடாது" என்றார். நான் இளைக்கவே கூடாது என்று என்னிடம் நேரடியாகக் கேட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். நீலப் பெயின்டை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதியும் வைத்தார்.

அடுத்த ஞாயிறு போதகர் திருத்தம் வாசித்தார். ஒவ்வொரு சொல்லையும் நடுங்கி நடுங்கி வாசித்தார். "சகோதரி ஹெப்சியின் தூக்கம், அதாவது எடை, அதாவது உறக்கம் அல்ல…" அதற்குமேல் சபை அவரை விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் தூக்கக்கட்டி. கல்யாண வீட்டில் மைனி என்னை அறிமுகப்படுத்துவதே இப்படித்தான்: "இது எனக்க தம்பிக்க பெஞ்சாதி. நூத்திநாலு புள்ளி ரெண்டு." சபை ஏலத்தில் வாழைக்குலையின் எடை பற்றிச் சண்டை வந்தால், "ஹெப்சிய ஏத்திப் பாருங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. போதகர் இப்போது உறக்கம் என்றுதான் சொல்கிறார்.

முட்டையும் மீனும் தயிரும் தாளில் இருந்தபடியே திரும்பி வந்தன. தராசில் ஏறுவது சனிக்கிழமை மட்டும். இரண்டாவது சனிக்கிழமை எண் 102.9 என்று காட்டியது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை நின்றது. ஒரு தடவை மூன்று வாரம். தையல் டேப் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தங்கையனும் கனகமும் இப்போது வாரா வாரம் சின்னக் கட்டாகவே கொண்டுபோகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள்.

போன சனிக்கிழமை என் எடை 78.6. கிறிஸ்துதாஸ் அண்ணன் கடைச் சுவரில், நீலப் பெயின்டில், 'ஹெப்சி – 104.2' என்று இருக்கிறது.